ஏட்டில் ஏறாத இரண்டு கோப்பைகள்

பன்னாட்டுக் காற்பந்துச் சம்மேளனமான ஃபிஃபாவின் ஏட்டில் மகளிர் உலகக் கோப்பையின் வரலாறு 1991ஆம் ஆண்டு சீனத்தில் தொடங்குகிறது. அந்த ஏட்டைப் புரட்டுகிறவர் முதல் வெற்றியாளராக அமெரிக்காவைக் காண்பார். இறுதியாட்டத்தில் தோற்ற நாடாக நார்வேயைக் காண்பார். வெற்றியாளர் வரிசையில் டென்மார்க்கின் பெயர் எங்குமே இராது. ஆயினும், 1970 சூலையில் இத்தாலியின் டூரின் நகரிலும் 1971 செப்டம்பரில் மெக்சிகோ நகரத்து அஸ்டெகா அரங்கிலும், உலகக் கோப்பை என்று பெயர் சூட்டி நடத்தப்பெற்ற இரு போட்டிகளில் கோப்பையை ஏந்தியவர்கள் டென்மார்க்கின் பெண்களே. அவற்றுள் முதற்போட்டியில் நாட்டின் பெயரால் களம் இறங்கியது கோபன்ஹேகனின் மகளிர் கழகம் ஒன்று. ஃபெமினா என்பது அதன் பெயர்.

அக்கழகத்தின் கதையை இன்று எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. ஓர் அமைப்பு, தான் ஏற்பு வழங்கிய நாளையே ஓர் ஆட்டத்தின் பிறந்தநாளாக எழுதிக்கொள்வது நேர்மையான வரலாறு ஆகாது என்று நாம் உறுதியாக நம்புகிறோம். ஏற்பு வருவதற்கு முன்னே ஆடியவர்கள் இல்லாவிடில் ஏற்கவேண்டிய தேவையே எழுந்திராது. ஃபெமினாவின் பெண்கள் அப்படி முன்னே ஆடியவர்கள்.

பெண்ணுரிமையில் டென்மார்க் பின்தங்கிய நாடு என்று எவரும் சொல்லமாட்டார். 1915இல் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமையைப் பெண்கள் அங்கே பெற்றார்கள். 1924இல் நினா பாங் என்னும் பெண்மணி கல்வி அமைச்சராகப் பொறுப்பேற்றார். உலகில் அமைச்சர் பதவி வகித்த முதற்பெண்களுள் அவர் ஒருவர். விளையாட்டிலும் கதவு முழுவதும் அடைபட்டிருக்கவில்லை. ஹேண்ட்பால் என்னும் ஆட்டத்தை வகுத்தவர்களுள் முதன்மையானவர் ஹோல்கர் நீல்சன் என்ற டேனிஷ் ஆசிரியர்; அவ்வாட்டத்தில் பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் தடையின்றி ஆடி வந்தார்கள். பந்து கையில் இருந்தவரை எவரும் முகம் சுளிக்கவில்லை. அது காலுக்கு வந்ததும் நிலைமை மாறியது. 1889இல் தோன்றிய டேனிஷ் காற்பந்துச் சங்கம் ஐரோப்பியக் கண்டத்தின் மிகப் பழைய சங்கங்களுள் ஒன்று. ஆயினும் மகளிர் காற்பந்தை அது தன் குடைக்கீழ்க் கொண்டுவந்தது 1972இல்தான். இடையில் கழிந்தவை எண்பத்துமூன்று ஆண்டுகள்.

அந்த இடைவெளியில் பிறந்தது ஃபெமினா. ஆண்டு 1959. அதே பெயர் தாங்கிய மகளிர் இதழ் ஒன்று அதற்குப் பின்துணையாக நின்றது. வீட்டையும் உடையையும் பற்றி எழுதுவதே மகளிர் இதழ்களின் கடமை என்று பொதுவாகக் கருதப்பட்ட காலம் அது. அக்காலத்தில் ஓர் இதழ் பெண்களைக் காற்பந்துக் களத்திற்கு அனுப்பத் தன் பெயரையே ஈந்தது. இதழுக்கு விளம்பர நோக்கமும் இருந்திருக்கலாம். அதனால் அந்தச் செயலின் மதிப்புக் குறைந்துவிடாது. விளையாட்டைக் காக்கவென்றே அமைந்த சங்கம் செய்யாததை ஒரு பத்திரிகை செய்தது. இதழியல் துறையில் உள்ள நாம் இதைப் பெருமையோடு நினைவுகூர்கிறோம்.

பிறகு வேறு ஊர்களிலும் பெண்கள் அணி திரண்டார்கள். வட யூட்லாந்தின் யோரிங் நகரில் ஃபோர்டுனா என்னும் கழகம் 1966இல் தோன்றியது. அதுவும் ஏற்புக்கு முந்தைய பிறப்பே. நாட்டுச் சங்கம் அவர்களைக் கண்டுகொள்ளாததால் பெண்கள் தங்களுக்கென்று தனிச் சங்கம் அமைத்துப் போட்டிகளை நடத்திக்கொண்டார்கள்.

இதில் ஒரு நியாயத்தை நாம் மறைக்கலாகாது. அன்றைய டேனிஷ் சங்கம் பணத்துக்காக ஆடுவதை ஆண்களுக்கும் விலக்கியே வைத்திருந்தது. அயல்நாட்டில் ஊதியம் பெற்று ஆடியவர்களை 1971வரை நாட்டு அணியில் அது சேர்த்ததில்லை. உள்நாட்டில் ஊதிய ஆட்டத்துக்கு இசைந்தது 1978இல்தான். ஆகவே வணிக நிறுவனத்தின் பொருளுதவியோடு வந்த எதனையும் ஐயத்தோடு நோக்குவது அதன் இயல்பாகவே இருந்தது. ஆயினும் இந்த விளக்கம் பாதி தூரமே செல்லும். ஊதியம் கேளாமல் ஆடிய ஆண்களுக்குக் களமும் நடுவரும் போட்டி அட்டவணையும் கிடைத்தன. ஊதியம் கேளாமல் ஆடிய பெண்களுக்கு அவை கிடைக்கவில்லை.

டென்மார்க்கை மட்டும் குறை சொல்வதும் முறையாகாது. இங்கிலாந்தின் காற்பந்துச் சங்கம் 1921 டிசம்பரில், தன் உறுப்புக் கழகங்கள் பெண்களுக்குக் களம் தரக்கூடாது என்று விதித்தது. அதற்கு ஓராண்டு முன்னரே, 1920 டிசம்பர் 26 அன்று, லிவர்பூலில் டிக் கெர் மகளிர் அணி ஆடிய ஆட்டத்தைக் காண 53,000 பேர் திரண்டிருந்தார்கள். மேற்கு செருமனி 1955இல் தடை விதித்து 1970இல் விலக்கிக்கொண்டது. பிரேசில் 1941இல் அரசாணை வாயிலாகவே தடுத்தது. காற்பந்து பெண்ணின் உடலுக்குத் தீங்கு என்பதே பல இடங்களிலும் சொல்லப்பட்ட காரணம். சுமை தூக்கவும் வயலில் குனிந்து நிற்கவும் ஆலையில் இரவுப்பணி செய்யவும் தடையாகாத அந்த உடல், பந்தை உதைத்தால் மட்டும் கெட்டுவிடும் என்று படித்த ஆடவர்கள் கூடித் தீர்மானம் இயற்றினார்கள்.

இந்த அடைப்பை உடைக்க முன்வந்தவர்கள் இத்தாலிய வணிகர்கள். சங்கங்களின் பிடிக்கு வெளியே டூரினில் ஒரு தனிக் கூட்டமைப்பு உருவாயிற்று. மார்ட்டினி அண்டு ரோசி என்னும் மது நிறுவனம் பொருளுதவி செய்தது. 1970 சூலையில் இத்தாலியின் பல நகரங்களில் மகளிர் உலகக் கோப்பை நடைபெற்றது. மெக்சிகோவில் ஆண்களின் இறுதியாட்டம் முடிந்து ஒரு மாதமும் ஆகாத வேளை. டென்மார்க்கின் பெயரால் சென்றது ஃபெமினா. சூலை 15 அன்று டூரினில், இத்தாலியர் நிறைந்த அரங்கில், இத்தாலியையே இரண்டுக்குச் சுழியம் என்ற கணக்கில் வீழ்த்தி அக்கழகம் கோப்பையை வென்றது. டென்மார்க்கின் ஆடவர் அணி அதுவரை ஓர் உலகக் கோப்பையிலும் நுழைந்ததே இல்லை. அவர்கள் முதன்முறையாக நுழைந்தது 1986இல்.

அடுத்த ஆண்டு போட்டி மெக்சிகோவுக்குச் சென்றது. மெக்சிகோ, அர்ஜென்டினா, இங்கிலாந்து, பிரான்சு, இத்தாலி, டென்மார்க் என ஆறு நாடுகள். பன்னாட்டுச் சம்மேளனத்தின் நெருக்குதலால் மெக்சிகோவின் சங்கம் தன் களங்களை மூடிக்கொண்டது. எனவே சங்கத்தின் பிடிக்குள் அடங்காத இரு பேரரங்குகளில் எல்லா ஆட்டங்களும் நடந்தன: ஒன்று மெக்சிகோ நகரத்து அஸ்டெகா, மற்றொன்று குவாதலகாராவின் ஹலிஸ்கோ. ஒடுக்க நினைத்தவர்களின் செயல் இவ்வாறு ஆட்டத்தை நாட்டின் மிகப் பெரிய அரங்கிலேயே கொண்டுபோய் நிறுத்தியது.

அமைப்பாளர்கள் கோல் கம்பங்களுக்கு இளஞ்சிவப்பு வண்ணம் பூசினார்கள். பெண்கள் ஆடுவதால் களமும் பெண்மையாகத் தோன்றவேண்டும் என்பது அவர்கள் கணக்கு. நுழைவுச்சீட்டு விற்றது, தொலைக்காட்சியில் ஆட்டம் ஒளிபரப்பாயிற்று, நிறுவனங்களின் விளம்பரம் நடந்தது. ஆடியவர்களுக்கோ கையில் ஒன்றும் வரவில்லை. இறுதியாட்டத்துக்கு முன் மெக்சிகோவின் வீராங்கனைகள் தங்களுக்கும் பங்கு வேண்டும் என்று கேட்டபோது, அன்றைய பேச்சு அவர்கள் பக்கம் நிற்கவில்லை. ஊதியமின்றியே அவர்கள் களம் இறங்கினார்கள். தங்கள் உழைப்பில் பிறர் ஈட்டுவதைக் கண்டு பங்கு கேட்ட அந்தப் பெண்கள் கேட்டது நியாயம் என்பதை அரை நூற்றாண்டு கழிந்தேனும் சொல்லி வைப்போம்.

டென்மார்க் அணி அரையிறுதியில் அர்ஜென்டினாவை ஐந்து கோல்களால் வென்று வந்திருந்தது. இறுதியாட்டத்துக்கு முந்திய இரவு, தங்கியிருந்த விடுதிக்கு வெளியே மெக்சிகோ ஆதரவாளர்கள் எழுப்பிய பேரொலியில் உறக்கமின்றிக் கிடந்ததாக டேனிஷ் வீராங்கனைகள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். செப்டம்பர் 5 அன்று அவர்கள் அஸ்டெகாவின் புல்தரையில் கால் வைத்தபோது சுற்றிலும் ஏறத்தாழ 1,10,000 பேர் இருந்தார்கள் என்பது அன்றைய மதிப்பீடு. தம் ஊர்க் களங்களில் சில நூறு பேர் முன்னே ஆடிப் பழகிய பெண்கள் அவர்கள். அவர்களுள் ஹோல்பெக் ஊரைச் சேர்ந்த சூசன்னே அகுஸ்டெசனுக்கு வயது பதினைந்து. அந்தச் சிறுமியே அன்று மூன்று கோல்களையும் அடித்தார். மெக்சிகோவுக்குக் கோல் இல்லை. பதினைந்து வயதில், எதிரணிக்காக முழங்கும் ஒரு பெருங்கூட்டத்தின் நடுவே, உலகக் கோப்பையின் இறுதியாட்டத்தில் மூன்று கோல். ஆடவர் வரலாற்றில் இதற்கு நிகராக ஒன்றைத் தேடுகிறோம், கிடைக்கவில்லை. ஒரு பையன் இதைச் செய்திருந்தால் அவன் பெயரைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்திருப்பார்கள். அகுஸ்டெசன் பின்னர் இத்தாலிக்குச் சென்று, அந்நாட்டு முதன்மைத் தொடரில் பலமுறை அதிக கோல் அடித்தவராகத் திகழ்ந்தார். அவர் பெயரை இன்று எத்தனை பேர் அறிவார்கள்?

அந்த ஒரு நாளின் மறதி எவ்வளவு ஆழமானது என்பதற்குச் சான்று வேண்டுமானால் பார்வையாளர் கணக்கைப் பாருங்கள். 1999 உலகக் கோப்பையின் இறுதியாட்டத்தைக் கலிபோர்னியாவின் ரோஸ் பவுல் அரங்கில் கண்டவர்கள் 90,185 பேர். மகளிர் காற்பந்தில் இதுவே உலகின் மிகப் பெரிய கூட்டம் என்று பல்லாண்டுகள் எழுதப்பட்டு வந்தது. 2022 மார்ச்சில் பார்சிலோனாவின் காம்ப் நூ அரங்கில் 91,553 பேர் கூடியபோது பழைய சாதனை முறிந்ததென்று உலகெங்கும் செய்தி பரவியது. அஸ்டெகாவில் கூடியவர்கள் அந்தக் கணக்குகளில் சேரவில்லை.

சங்கங்கள் ஏன் இறங்கி வந்தன என்பதும் எண்ணிப் பார்க்கத்தக்கது. 1971இல் ஐரோப்பியக் காற்பந்துச் சங்கங்களின் ஒன்றியம் மகளிர் ஆட்டத்தை நாட்டுச் சங்கங்கள் தம் பொறுப்பில் ஏற்கவேண்டும் என்று முடிவெடுத்தது. 31 வாக்குகள் ஆதரவு. எதிர்த்தது ஸ்காட்லாந்து ஒன்றுதான். அடுத்த ஆண்டில் டேனிஷ் சங்கம் தன் கதவைத் திறந்தது. அரை நூற்றாண்டாக அசையாதிருந்த மனங்கள் திடீரென்று இரங்கிவிடவில்லை. சங்கங்களுக்கு வெளியே பேரரங்குகள் நிரம்புவதைக் கண்டார்கள். ஆட்டம் தங்கள் கையைவிட்டுப் போய்விடும் என்று அஞ்சினார்கள். ஆகவே 1972இன் ஏற்பு பெண்களுக்குக் கிடைத்த கொடையென்று சொல்வது பிழை. டூரினிலும் மெக்சிகோவிலும் ஆடியவர்கள் அதைத் தம் காலால் ஈட்டினார்கள். ஏற்புக்கு வித்திட்டவர்களை விட்டுவிட்டு ஏற்பை மட்டும் கொண்டாடும் வரலாறு, தந்தை பெயரும் தாய் பெயரும் இல்லாத பிறப்புப் பதிவைப் போன்றது.

எதிர்வாதங்களையும் கேட்போம். அப்போட்டிகளைத் தனியார் நடத்தினர். முதற்போட்டிக்குத் தகுதிச் சுற்று இல்லை. ஆறேழு நாடுகளே ஆடின. ஒரு நாட்டுக்காக ஒரு கழகமே சென்றது. இவற்றை எப்படி உலகக் கோப்பையென ஒப்புவது என்று கேட்கிறார்கள். இவை புறந்தள்ளத்தக்க வினாக்கள் அல்ல. ஆனால் ஆடவர் வரலாற்றை இதே தராசில் நிறுத்துப் பார்க்கவேண்டும். 1930இல் உருகுவேயில் நடந்த முதல் உலகக் கோப்பைக்குத் தகுதிச் சுற்று இருந்ததா? இல்லை. அழைப்பின்பேரில் பதின்மூன்று நாடுகள் வந்தன. ஐரோப்பாவிலிருந்து கப்பலேறியவை நான்கே. 1900 பாரிசு ஒலிம்பிக்கில் பிரிட்டனின் பெயரால் ஆடியது அப்டன் பார்க் என்னும் ஒரே கழகம். அந்தத் தங்கத்தை ஒலிம்பிக் ஏடு பிரிட்டனின் கணக்கில் இன்றும் வைத்திருக்கிறது. அப்டன் பார்க்குக்குப் பொருந்திய நீதி ஃபெமினாவுக்கு ஏன் பொருந்தாது?

முன்நிகழ்வு இன்னும் அண்மையிலேயே உண்டு. ஐரோப்பிய, தென்னமெரிக்கக் கழகங்களுள் சிறந்தவை 1960 முதல் 2004 வரை மோதிக்கொண்ட கண்டங்களிடைக் கோப்பையை ஃபிஃபா நடத்தவில்லை. ஆயினும் 2017 அக்டோபரில் அதன் மன்றம் கூடி, அக்கோப்பையை வென்ற கழகங்கள் அனைத்தையும் உலக வெற்றியாளர்களென ஏற்றுக்கொண்டது. அப்போட்டியை நடத்தியவை கண்டச் சங்கங்கள், மெக்சிகோ போட்டியை நடத்தியவர்கள் வணிகர்கள் என்று வேறுபாடு காட்டலாம். அந்த வேறுபாடு எப்படி வந்தது? சங்கங்களின் வாயில் திறந்திருந்தால் ஃபெமினாவின் பெண்கள் வணிகர் வாயிலுக்குப் போயிருக்கமாட்டார்கள். கதவை அடைத்தவரே, நீ ஏன் என் வாசல் வழியாக வரவில்லை என்று கேட்பது அறமாகாது.

1991இன் போட்டியும் அன்று இன்றைய பெயரோடு பிறக்கவில்லை. ஒரு மிட்டாயின் பெயரைச் சுமந்த கோப்பைக்காக அது நடந்தது. பெண்களால் தொண்ணூறு நிமிடம் தாங்கமுடியாதென்று ஒவ்வோர் ஆட்டமும் எண்பது நிமிடத்தில் முடிக்கப்பட்டது. உலகக் கோப்பை என்ற பட்டம் அதற்குப் பின்னரே சூட்டப்பட்டது. பின்னோக்கிப் பெயர் சூட்டும் கை ஃபிஃபாவுக்கு இருக்கிறது. அந்தக் கை இன்னும் இருபது ஆண்டுகள் பின்னே நீளவேண்டும்.

டென்மார்க்கின் மகளிர் கழகங்கள் அதன் பின்னும் தளரவில்லை. யோரிங்கின் ஃபோர்டுனா 2003இல் ஐரோப்பிய மகளிர் கழகக் கோப்பையின் இறுதிவரை சென்றது. சுவீடனின் ஊமியோ கழகத்திடம் இரு ஆட்டங்களிலும் தோற்றது. ஆயினும் வட யூட்லாந்தின் ஒரு சிறுநகரக் கழகம் ஐரோப்பாவின் இரண்டாவது இடத்தில் நின்றதை எளிதென்று எண்ணலாகாது. கோபன்ஹேகனை அடுத்த பிரண்பியின் மகளிர் அணியும் நாட்டுப் பட்டத்தைப் பன்முறை வென்றது.

நாட்டு அணி 2017 ஐரோப்பியப் போட்டியில் செருமனியை வெளியேற்றி இறுதியாட்டம் வரை சென்று, நெதர்லாந்திடம் நான்குக்கு இரண்டு என்று தோற்றது. பெர்னில் ஹார்டரும், ஆப்கானிஸ்தானிலிருந்து அகதியாக வந்து டென்மார்க்கில் காற்பந்து கற்ற நாடியா நடீமும் அந்த ஆட்டத்தில் கோல் அடித்தார்கள். நாடு தெருவில் இறங்கி மகிழ்ந்தது. ஆனால் சில வாரங்களுக்குள் ஊதியமும் பணி நிலைமையும் குறித்த பேச்சு முறிந்தது. செப்டம்பரில் நெதர்லாந்துடன் நடக்கவிருந்த நட்பாட்டம் நின்றது. அக்டோபரில் சுவீடனுடனான உலகக் கோப்பைத் தகுதியாட்டமே நடைபெறவில்லை. வெற்றி சுவீடனுக்கு வழங்கப்பட்டது. நவம்பரில்தான் உடன்பாடு எட்டப்பட்டது. 1971இல் மெக்சிகோவின் பெண்கள் கேட்ட அதே கேள்வியை நாற்பத்தாறு ஆண்டு கழித்து டென்மார்க்கின் பெண்கள் கேட்டார்கள். இம்முறை அவர்களுக்குப் பின்னால் வீரர் சங்கம் இருந்தது. எதிரே அமர்ந்து பேசவேண்டிய கடமை நாட்டுச் சங்கத்துக்கு இருந்தது. முன்னே ஆடியவர்கள் விட்டுச்சென்ற இடத்திலிருந்து பின்வந்தவர்கள் தொடங்க முடிந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1992இல் டென்மார்க்கின் ஆடவர் ஐரோப்பியக் கோப்பையை வென்றார்கள். அந்தக் கோடையை டேனிஷ் மக்கள் இன்றளவும் தங்கள் நாட்டின் பெருநாளாகப் பேசுகிறார்கள், பேசுவது தகும். அதற்கு இருபத்திரண்டு ஆண்டுகள் முன்பும் இருபத்தோராண்டுகள் முன்பும் பெண்கள் வென்றவை இன்னும் 'அதிகாரபூர்வமற்ற' என்ற அடைமொழியோடுதான் குறிக்கப்படுகின்றன.

2023இல் வெளியான 'கோபா 71' என்னும் ஆவணப்படம் அஸ்டெகாவின் காட்சிகளை மீண்டும் வெள்ளித்திரைக்குக் கொண்டுவந்தது. பாராட்டத்தக்க பணி. எனினும் திரைப்படம் செய்யக்கூடியது நினைவூட்டல் மட்டுமே. ஏட்டில் எழுதும் அதிகாரம் சங்கங்களிடம் இருக்கிறது. டேனிஷ் சங்கம் ஃபிஃபாவின் முடிவுக்காகக் காத்திருக்கவேண்டியதில்லை. 1970, 1971 ஆகிய இரு வெற்றிகளையும், அவற்றில் ஆடிய ஒவ்வொருவர் பெயரையும், தன் நாட்டு அணியின் பதிவேட்டில் அடைமொழியின்றிச் சேர்க்கும் அதிகாரம் அதற்கு இன்றே உண்டு. சேர்த்தபின் அந்தப் பதிவோடு ஃபிஃபாவின் மன்றத்தை அணுகி, கண்டங்களிடைக் கோப்பைக்கு வழங்கிய அதே ஏற்பை இவற்றுக்கும் கோரவேண்டும். ஃபெமினாவிலும் அதையொத்த பழைய கழகங்களிலும் ஆடியவர்கள் வீட்டு அலமாரிகளில் வைத்திருக்கும் படங்களும் ஆட்டச் சட்டைகளும் செய்தி நறுக்குகளும் சிதறிப்போகுமுன் அவற்றைத் திரட்டிக் காக்கவும் வேண்டும். அஸ்டெகாவில் பதினைந்து வயதில் ஆடியவரே இன்று எழுபதை எட்டும் முதுமையில் இருக்கிறார். அவரினும் மூத்த தோழியருக்கு வயது அதற்கும் மேல். அந்தப் பதிவை அவர்கள் தங்கள் கண்ணால் படிக்கவேண்டுமானால் வேலையை இவ்வாண்டே தொடங்கியாக வேண்டும்.